பூசணிக்காயின் அந்தப் பக்கம்

வான்கூவரிலிருந்து ஆக்லாந்துக்கு நடுவில் எங்குமே இறங்காமல் ஒரு விமானம் போகிறதாம், இந்தியாவின் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுப்பதில்லையாம், அதில் எபி டிக்கெட் போட்டிருக்கிறானாம். கனடாவில் வேலை பார்க்கும் அவன் நண்பன் ஷெர்வின் தன் அம்மா ஈவ்லினிடம் சொல்லி, ஈவ்லின் வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஜெயசீலியின் காதைக் கடித்து, ஜெயசீலி நனைந்த குடையை மடக்கக்கூட மறந்து வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த செய்தி இது.

எபி ஜெயசீலிக்கும் அவள் கணவர் தயாளனுக்கும் மூத்த பிள்ளை. வான்கூவரில் இருக்கிறான். ஆக்லாந்தில் இருப்பவள் கெசியா, அவனுக்கு ஒரே தங்கை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

செய்தியைக் கேட்டதும் தயாளன் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. நேராக விமானத்தில் கைவைத்தார்.

"அப்படி ஒரு வண்டியே கிடையாது சீலி."

"ஈவ்லின் அக்கா சொன்னாங்கன்னு சொல்றேன், கிடையாதுங்கிறீங்க."

"உங்க ஈவ்லின் அக்கா நாலு வருஷமா இதோ மெட்ரோ வருது, அதோ மெட்ரோ வருதுன்னு சொல்லிட்டிருக்காங்க. எங்க வந்துச்சு?"

"மெட்ரோ வராததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? மொதல்ல குடையைப் பிடிங்க. ஹாலெல்லாம் தண்ணி."

தயாளன் குடையை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்தார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இடது மேல் மூலையில் கனடா. வலது கீழ் மூலையில் நியூசிலாந்து. இரண்டுக்கும் நடுவில், நட்டநடுவில், இந்தியா. அதற்குள் இவர்கள் வீடு இருக்கும் தாம்பரம். அண்ணன் ஊரிலிருந்து தங்கை ஊருக்குப் போக வேண்டுமென்றால் தாம்பரத்தைத் தாண்டாமல் எவன் போக முடியும்?

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததில்லை. தயாளன் முப்பது வருஷத்துக்கு மேல் மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். இப்போது அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். தயாளனுக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜர் என்றால் நாற்காலி வேண்டும், கார்டுக்கு வண்டிதான் வேண்டும் என்பார். சென்னை பீச், தாம்பரம், செங்கல்பட்டு. அவருடைய பூமி அவ்வளவுதான், அதுவும் நீளவாக்கில் இருந்தது. பீச்சில் ஏறியவர் செங்கல்பட்டு போக வேண்டுமானால் தாம்பரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெரிய அதிகாரியானாலும் சரி, முறுக்குக் கூடைக்காரரானாலும் சரி. பல்லாவரத்தில் கோபித்துக்கொண்டு இறங்கியவர்கூட அடுத்த வண்டி பிடித்துக் குரோம்பேட்டை வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

கடைசிப் பெட்டியின் கடைசி அறை அவருடையது. கையில் கொடி, வாயில் விசில், முன்னால் இருக்கும் மோட்டார்மேனுக்குச் சேதி சொல்ல ஒரு மணி. ஒரு அடி அடித்தால் நிறுத்து. இரண்டு அடி அடித்தால் எடு. அந்த இரண்டு அடிக்குப் பின்னால் எத்தனையோ இருக்கிறது: ஏறியவர் ஏறிவிட்டார், இறங்கியவர் இறங்கிவிட்டார், கதவில் சேலைத்தலைப்பு மாட்டவில்லை, யாரும் விடுபடவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இரண்டு அடி.

வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஸ்கூட்டரில் எபி முன்னால் நிற்பான், கெசியா பின்னால் உட்காருவாள். அவள் ஏறி, பையைச் சரிசெய்துகொண்டு, அப்பாவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் வண்டி நகரும். ஒரு நாள் எபி அவசரப்பட்டு, "போங்கப்பா, ஏறிட்டா" என்றான். கெசியா சும்மா விடவில்லை. "நீ யாருடா சொல்றதுக்கு? நான்தான் கார்டு." எபி பெரியவனாகி அவளை மேடவாக்கத்துக்கு டியூஷன் கூட்டிக்கொண்டு போன காலத்தில் அண்ணன் முதுகிலும் அதே இரண்டு தட்டு. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் கத்துவான்: "மெதுவாத் தட்டுடி, முதுகா மேளமா?"

அப்படி இருந்தவர்கள்தான். கெசியாவின் கல்யாணத்துக்கு எபி வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். கெசியா அழுதாள், பிறகு சமாதானம் ஆனாள். ஆனால் கல்யாணம் முடிந்த வாரமே ஷெர்வின் ஒரு போட்டோ போட்டான். எங்கோ பனிமலை, வெள்ளை வெளேரென்று. அதில் ஷெர்வினுக்குப் பின்னால் குல்லா போட்டுக்கொண்டு எபி நின்றான். தேதியைப் பார்த்தால், இங்கே தாலி கட்டிய அதே சனிக்கிழமை. கெசியா அதைப் பார்த்தாள். 'தயாளன் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து தயாளனுக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல்: இதுகள் இரண்டும் பேசிவிட வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாடும் ரயில்வே ஏற்பாடுதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒன்றை நிறுத்திவைப்பார்கள், மற்றது வந்து சேரும். அந்த ஸ்டேஷன் தாம்பரம். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, இரண்டு பேரும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒருத்தியைப் பிடித்துவைத்தால் போதும், மற்றவன் வந்து சேருவான். வீட்டருகே இருக்கும் செம்பாக்கம் ஏரிக்கு மேலே மீனம்பாக்கத்து விமானங்கள் வளையும்போதெல்லாம் மொட்டைமாடியில் நின்று பார்ப்பார். குழாய்ப் பழுது பார்க்கப் போகிறேன் என்று ஜெயசீலியிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அவர் மட்டும் விமானத்தில் ஏறியதே இல்லை. பிள்ளைகள் இருவரும் கூப்பிடாத வருஷம் கிடையாது. "பைலட் ரெண்டு பேரும் முன்னாடியே உக்காந்துகிட்டா பின்னாடி யார் பாக்குறது? கார்டு இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஈவ்லின் சொல்லும் வண்டி இந்த ஏற்பாட்டையே கவிழ்த்துவிடும் போலிருந்தது. தயாளன் ஜெயசீலியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, படத்தில் வான்கூவருக்கும் ஆக்லாந்துக்கும் குண்டூசி குத்தி, இழுத்துக் கட்டினார். நூல் இலங்கைக்குக் கொஞ்சம் தெற்கே கடலில் போனது.

"பாத்தியா? துளி தளர்த்தினா தாம்பரம்."

"நல்லாத் தளர்த்துங்க" என்றாள் ஜெயசீலி. "கன்னியாகுமரி, திருநெல்வேலி எல்லாம் பாத்துட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டதும் ஏரிக்கரையில் நடக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுச் சுந்தரராமனிடம் கேட்டார். இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதைக் கேட்டாலும் உடனே போனை எடுத்துவிடுவார். நின்ற இடத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார்.

"இருக்கு தயாளன் சார். நேர் பிளைட். பதினோராயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல. பதினாலு மணி நேரமாம்."

"எந்த வழியா சார்?"

"பசிபிக் மேல போறது."

"பசிபிக்கா? அது படத்துல ரெண்டாக் கிழிஞ்சு ரெண்டு ஓரத்துலயும் கெடக்கு சார். அதுல எப்படி வண்டி விடுவான்?"

சுந்தரராமன் சிரித்த சிரிப்பில் கரையோரம் நின்ற கொக்கு பறந்துபோனது. "அட கடவுளே, அந்த ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒட்டிப் பாருங்கோ. பூமி உருண்டைன்னு நாலாங்கிளாஸ்ல சொல்லித் தரலையா உங்களுக்கு?"

"சொன்னாங்க. நானும் நம்பினேன். ஆனா பீச்சும் செங்கல்பட்டும் பின்பக்கமா ஒட்டிக்கும்னு யாரும் சொல்லலையே."

வீட்டுக்கு வந்தவர் படத்தைச் சுவரிலிருந்து உரிக்கப் பார்த்தார். ஜெயசீலி, உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் என்று தடுத்துவிட்டாள். அப்போதுதான் ஹாலின் மூலையில் இருந்த பூசணிக்காய் கண்ணில் பட்டது.

அது சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த மஞ்சள் பூசணி. காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடும்போது தயாளன் ஏதோ கௌரவத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்க, ஈவ்லின் வேண்டுமென்றே ஏற்றிவிட, இவர் ரோஷத்தில் ஏற்ற, கடைசியில் இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் வைக்கும்படி ஒரு பூசணி அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அதை வெட்டுவதா, யாருக்காவது கொடுப்பதா என்று முடிவாகாமல் டீவிக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

தயாளன் மார்க்கர் பேனாவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காம்பு வடதுருவம். மேலிருந்து கீழாக ஓடும் வரிகளைப் பார்த்ததும் அவருக்கே சிலிர்த்தது. தீர்க்கரேகையை ஆண்டவரே போட்டுக் கொடுத்துவிட்டார். தன் பக்கமாக இந்தியாவை வரைந்து, ஒரு புள்ளி வைத்து, 'தாம்பரம்' என்று எழுதினார். அதிலிருந்து இடதுபக்கமாக அரேபியா, ஐரோப்பா, அட்லாண்டிக், கனடா. மறுபடி தாம்பரத்திலிருந்து வலதுபக்கமாகச் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசணியின் முதுகுப்பக்கம் வந்துவிட்டது. நியூசிலாந்தும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் போய் நின்றது. பூசணியை மெல்ல உருட்டினார். அங்கே, மேலே எபியும் கீழே கெசியாவுமாக, நடுவில் வெறும் மஞ்சள். ஒரு ஸ்டேஷன் கிடையாது. ஒரு சிக்னல் கிடையாது. தாம்பரம் கண்ணுக்கே தெரியவில்லை.

கையை விரித்துச் சாண் போட்டார். எபியிடமிருந்து கெசியாவுக்கு ஒரு சாண். தாம்பரத்திலிருந்து கெசியாவுக்கும் அதே சாண். தாம்பரத்திலிருந்து எபிக்கு ஒரு சாணும் விரல் அகலமும். பூசணி கொஞ்சம் தட்டை என்பதால் சந்தேகத்துக்கு மொட்டைமாடி வழியாகச் சுந்தரராமனைக் கூப்பிட்டுக் கேட்டார். அங்கிருந்தும் அதே பதில்தான். எபிக்குச் சென்னையைவிட ஆக்லாந்துதான் கிட்ட. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலேயே கிட்ட.

தயாளன் கீழே வந்து பூசணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நம்மளைத் தாண்டாமலே போக முடியுது சீலி. இத்தனை நாளும் நான் ஜங்ஷன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நாம வெறும் ஓரத்து ஸ்டேஷன்."

ஜெயசீலி கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். பூசணியின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க பேசணுமா, இல்ல உங்க ஸ்டேஷன்ல வச்சுத்தான் பேசணுமா?"

தயாளன் மார்க்கரை மூடிவைத்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதத்துக்கு வரும்போதுதான் "பேசினா போதும்" என்றார். பிறகு, "அவன் நெஜமாவே போறானா?" என்று, முந்தின நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. அன்று எபியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சனிக்கிழமை கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. ஈவ்லினுக்குப் போன் போட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி ஷெர்வின்தான் ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தானாம். ஞாயித்துக்கிழமை காலைல அங்க போய் எறங்கும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க தயாளன் அண்ணே, எபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்."

தயாளன் போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சீலி, பதினாலு மணி நேர ஓட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்த வண்டி ஞாயித்துக்கிழமை எப்படிப் போய்ச் சேரும்? சனிக்கிழமையை எந்த ஸ்டேஷன்ல கழட்டி விட்டான்?"

"அந்த சனிக்கிழமைதான் நம்மகிட்ட இருக்கே" என்றாள் ஜெயசீலி. "காலைலேருந்து தீரவே மாட்டேங்குது."

அவள் சொன்னது சரி. அந்தச் சனிக்கிழமை இரண்டு சனிக்கிழமை நீளம் இருந்தது. ஜெயசீலி பூசணியை வெட்டிச் சாம்பார் வைக்கிறேன், வேலையாவது ஓடும் என்றாள். தயாளன் கத்தியை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். "வண்டி ஓடிட்டிருக்கும்போது தண்டவாளத்தை வெட்டுவியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி ஆராதனைக்குத் தயாளன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஜெயசீலியின் போன் அலறியது. வீடியோ கால். எபி. அவனுக்குப் பின்னால் பெட்டி தள்ளிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜெயசீலி போனைப் பூசணியின் மேல் சாய்த்துவைத்தாள், சரியாக ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில்.

"எங்கடா இருக்க?" என்றார் தயாளன், ஈவ்லினுக்காக.

"நடிக்காதீங்கப்பா. ஈவ்லின் ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா தாம்பரத்துக்கே தெரிஞ்ச மாதிரி. ஆக்லாந்து ஏர்போர்ட்ல இருக்கேன். காலைல எறங்கினேன். இப்ப இங்க மத்தியானம் தாண்டிருச்சு."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பண்ணின?"

"இதே பெஞ்சுல உக்காந்திருக்கேன்." எபி சிரிக்கப் பார்த்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி. "மூணு காபி குடிச்சாச்சு. அவளைக் கூப்பிடத் தைரியம் வரலப்பா. அந்தக் கல்யாணத்தப்ப என் வொர்க் பெர்மிட் முடிஞ்சு போயிருந்துச்சு. புதுசு வரல. வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டான். சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு லீவு இல்லன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ரூம்ல தனியாக் கெடந்தா பைத்தியம் பிடிச்சிடும்னு ஷெர்வின்தான் மலைக்கு இழுத்துட்டுப் போனான்."

"ஐயோ, இதை ஏன்டா ராஜா இத்தனை நாள் சொல்லல?" என்று ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொதல்ல பயம், அப்புறம் வெக்கம்மா. அப்பா, நீங்க அவளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்களேன். நான் வந்திருக்கேன்னு. நீங்க சொன்னா கேப்பா."

இரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தயாளன் காத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அறையும் அவருடையது, கொடியும் அவர் கையில். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். போனுக்குப் பின்னால் பூசணியின் அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தது. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை.

"தாம்பரம் வழியாப் போகாதடா" என்றார். "அது சுத்து. நேர் வண்டில வந்திருக்க, நேராவே பேசு. பெர்மிட் விஷயத்தை நான் சொன்னா அது சமாதானம். நீ சொன்னாத்தான் உண்மை."

"எடுக்கலன்னா?"

"இன்னொரு தடவை அடி."

எபி பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். ஏர்போர்ட்டில் வாங்கிய உள்ளூர் சிம் போட்டது. "நீங்க கட் பண்ணிடாதீங்க. லைன்லயே இருங்க. பேசாம இருங்க" என்றான்.

"பேசல, பேசல" என்றார் தயாளன்.

"நீங்களாவது பேசாம இருக்கறதாவது" என்றாள் ஜெயசீலி.

"அம்மா!"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எபி எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு போன் அடிக்கும் சத்தம் செம்பாக்கத்து ஹாலில் கேட்டது.

போன் அடிக்கும் விதத்தைத் தயாளன் அன்றுதான் கவனித்துக் கேட்டார். இரண்டு அடி. ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு அடி.

தயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயசீலியின் முழங்கையை இடித்து, சத்தமே இல்லாமல் இரண்டு விரலைக் காட்டினார். அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். திரையில் எபியும் தலையை நிமிர்த்தியிருந்தான். அவன் முதுகு தானாகவே பெஞ்சில் நேராகியிருந்தது.

தெருவில் ஆராதனைக்குக் கிளம்பிய ஸ்கூட்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி என்று போன் அடித்துக்கொண்டே இருந்தது.